மாநாட்டு இடத்தேர்வும் நுழைவிசைவும்: ஒரு திறனாய்வு நோக்கு

முன்னுரை

பன்னாட்டு ஆய்வு மாநாடுகளுக்கு இடம் தெரிவு செய்யும்போது அரங்க வசதி, விமானப் போக்குவரத்து, நிதி நல்கை ஆகியவை முதலில் ஆராயப்படுகின்றன. அழைக்கப்படுவோர் அந்நாட்டிற்குள் நுழைய இயலுமா என்னும் வினா பெரும்பாலும் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. விசா எனப்படும் நுழைவிசைவைப் பெறுவது பங்கேற்பாளரின் சொந்தப் பொறுப்பு என்னும் எண்ணமே இதற்குக் காரணம். அவ்வெண்ணம் மறுஆய்வுக்குரியது.

எழுதிய தடையும் எழுதாத தடையும்

பன்னாட்டு எய்ட்ஸ் மாநாடுகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். எச்.ஐ.வி. தொற்றுடையோர் நுழைவதற்கு அமெரிக்கா விதித்திருந்த தடையின் காரணமாக, 1992இல் பாஸ்டனில் நடைபெறவிருந்த மாநாடு ஆம்ஸ்டர்டாமுக்கு மாற்றப்பட்டது. 2010இல் அத்தடை நீங்கிய பின்னரே, 2012இல் அம்மாநாடு வாஷிங்டனில் கூடியது. 2022இல் மாண்ட்ரியலில் கூடியபோது அத்தகைய தடை ஏதுமில்லை. எனினும் ஆப்பிரிக்க நாட்டினர் உள்ளிட்ட பலர், நுழைவிசைவு மறுக்கப்பட்டோ தாமதமாகியோ பங்கேற்க இயலாது போயினர். சட்டத்தில் எழுதிய தடையை அமைப்பாளர் முன்னரே அறிந்து எதிர்க்கலாம். தனித்தனி விண்ணப்பங்களின்மீது விழும் மறுப்போ விண்ணப்பித்தவரின் குறைபாடுபோலத் தோற்றம் தருகிறது. மாநாடு நெருங்கும் வரை அதன் மொத்த அளவும் புலப்படுவதில்லை.

தமிழாய்வுச் சூழல்

இச்சிக்கல் தமிழாய்வுக்குப் புறம்பானதன்று. 1995இல் தஞ்சாவூரில் நிகழ்ந்த எட்டாம் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டிற்கு வந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி உள்ளிட்ட இலங்கை அறிஞர் சிலர் திருப்பி அனுப்பப்பட்டனர். தமிழ் வழங்கும் நிலமும் தமிழறிஞர் அனைவருக்கும் திறந்திருக்கவில்லை என்பதை இது காட்டுகிறது. பத்தாம் மாநாடு 2019இல் சிகாகோவில் நடைபெற்றது. அங்குச் செல்ல விரும்பிய தமிழக ஆய்வாளர், விசா மறுக்கப்பட்டாலும் திரும்பக் கிடைக்காத 160 டாலர் கட்டணத்தைச் செலுத்த வேண்டியிருந்தது. உதவித்தொகையின்றி ஆய்வு செய்யும் மாணவருக்கு இது சிறு தொகையன்று.

புலம்பெயர் தமிழரின் பங்களிப்பைக் கருதினால் மாநாடுகள் நாடுதோறும் நடைபெறுவது தேவையே. எல்லோருக்கும் எளிதில் திறக்கும் நாடு எதுவுமில்லை என்பதும் உண்மை. இணையவழிப் பங்கேற்பு கட்டுரை வாசிப்பதற்கு உதவும். அமர்வுக்குப் பின் நிகழும் உரையாடலுக்கு ஈடாகாது.

முடிவுரை

எனவே இடத்தை உறுதிசெய்யும் முன்னரே, எந்தெந்த நாட்டு ஆய்வாளர் எத்தகைய தடையை எதிர்கொள்வர் என அமைப்புக்குழு ஆராய்தல் வேண்டும். கட்டுரை ஏற்பையும் அழைப்புக் கடிதத்தையும் விசாவுக்குப் போதிய கால இடைவெளியுடன் வழங்குதல் வேண்டும். ஏற்கப்பட்டும் நுழைவிசைவின்மையால் வாசிக்கப்படாத கட்டுரைகளை, அக்காரணத்தைக் குறித்து மாநாட்டு மலரில் பதிப்பித்தலும் இன்றியமையாதது. வந்தோரை மட்டும் பதிவு செய்யும் மலர், அத்துறை ஆய்வின் முழுமையான ஆவணம் ஆகாது.