செப்டிக் ஷாக்கில் ஸ்டீராய்டு: பலன் உண்டு, காரணம் வேறு

நிமோனியாவோ சிறுநீரகத் தொற்றோ முற்றி, ரத்த அழுத்தம் சரிந்து, சலைன் ஏற்றியும் நிமிராமல், நார் அட்ரீனலினைப் பம்ப் வழியாகச் செலுத்தித்தான் அழுத்தத்தைப் பிடித்து வைக்க முடியும் என்ற கட்டத்தை ஒரு நோயாளி அடைந்துவிட்டால், அதை செப்டிக் ஷாக் என்கிறோம். அந்தக் கட்டத்தில் பல ஐசியூக்களில் ஆன்டிபயாடிக்கோடு இன்னொரு மருந்தும் சேர்கிறது. ஹைட்ரோகார்ட்டிசோன், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 50 மில்லிகிராம். ‘தொற்றின் வேகத்தில் அட்ரீனல் சுரப்பி களைத்துவிட்டது, உடம்பில் கார்ட்டிசோல் போதவில்லை, அதை ஈடுகட்டுகிறோம்’ என்பது இதற்குப் பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் காரணம். கேட்டதும் புரிந்துவிடுகிற விளக்கம்தான். ஆனால் கிடைத்திருக்கும் சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், மருந்து நிற்கிறது, விளக்கம் நிற்கவில்லை. மருந்தோடு அந்த விளக்கத்தையும் வைத்துக்கொள்ள முயல்வதால்தான் அது தேவையில்லாதவர்களுக்கும் போகிறது, வேண்டிய நாளுக்கு மேலும் நீள்கிறது.

கதை 1970களில் தொடங்குகிறது. சிகாகோவைச் சேர்ந்த அறுவைச் சிகிச்சை நிபுணர் வில்லியம் ஷூமர் 1976இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்டீராய்டு பெறாதவர்களில் 38 விழுக்காட்டினர் இறந்தார்கள், பெற்றவர்களில் சுமார் 10 விழுக்காட்டினர்தான் இறந்தார்கள். மருந்தின் அளவோ மிகப் பெரிது: உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் மெத்தில்பிரெட்னிசோலோன். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரே வேளையில் 1800 மில்லிகிராம். ஹைட்ரோகார்ட்டிசோன் கணக்கில் சொன்னால் 9000 மில்லிகிராம். ஆரோக்கியமான அட்ரீனல் சுரப்பி ஒரு நாள் முழுவதும் சுரப்பது பத்து, இருபது மில்லிகிராம்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் காலத்தின் துணிச்சல் விளங்கும். பத்தாண்டு காலம் இந்த முறை கோலோச்சியது. 1987இல் அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய இரண்டு சோதனைகள் ஒரே சமயத்தில் வெளியாயின. ஒன்றில் 382 பேர், மற்றொன்றில் 223 பேர். இரண்டிலும் பலன் இல்லை. பெரிய சோதனையில், முதலிலேயே சிறுநீரகம் பழுதாகியிருந்தவர்களிடம் ஸ்டீராய்டு பெற்றவர்களே அதிகம் இறந்தார்கள். மருந்து ஒதுக்கப்பட்டது.

அதை மீண்டும் கொண்டுவந்தது ஹார்மோன் கோட்பாடு. கிருமியை எதிர்க்கும் அழற்சியை அடக்கப் பெரிய அளவில் கொடுத்தது தவறு, குறைந்துபோன ஹார்மோனைச் சிறிய அளவில் ஈடுகட்டுவதே சரி என்ற வாதம் 1990களில் வலுப்பெற்றது. குறையைக் கண்டுபிடிக்க ஒரு பரிசோதனையும் இருந்தது. அட்ரீனலைத் தூண்டும் ஹார்மோனை 250 மைக்ரோகிராம் ஊசியாகப் போட்டு, போடுவதற்கு முன்பும், அரை மணி கழித்தும், ஒரு மணி கழித்தும் ரத்தம் எடுப்பார்கள். கார்ட்டிசோல் டெசிலிட்டருக்கு 9 மைக்ரோகிராமுக்கு மேல் உயராவிட்டால் சுரப்பிக்குச் சக்தி இல்லை என்று முடிவு. பிரான்ஸில் ஜில்லாலி அன்னான் குழு 300 நோயாளிகளிடம் நடத்தி 2002இல் வெளியிட்ட சோதனை இந்தக் கோட்பாட்டுக்கு முடிசூட்டியது. சுரப்பு உயராதவர்களில், போலி மருந்து பெற்றோர் 63 விழுக்காடும் ஹைட்ரோகார்ட்டிசோனும் ஃப்ளூட்ரோகார்ட்டிசோனும் பெற்றோர் 53 விழுக்காடும் 28 நாளுக்குள் இறந்தார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து, 499 பேரிடம் நடந்த கார்ட்டிகஸ் என்ற ஐரோப்பியச் சோதனை அந்த முடியை இறக்கியது. சுரப்பு உயராதவர்களில் ஸ்டீராய்டு பெற்றோர் இறப்பு 39.2 விழுக்காடு, பெறாதோர் 36.1. சுரப்பு உயர்ந்தவர்களில் 28.8, 28.7. பரிசோதனை யாரைச் சுட்டிக்காட்டியதோ அவர்களுக்கே தனிப் பலன் எதுவும் இல்லை. நோயின் கடுமையை அந்தப் பரிசோதனை ஓரளவு காட்டியது என்பது உண்மை. யாருக்கு மருந்து வேண்டும் என்பதை அது காட்டவில்லை.

ஏன் காட்டவில்லை என்பதற்கு விடை பெல்ஜியத்தின் லூவன் நகரிலிருந்து வந்தது. கிரீட் வான் டென் பெர்க் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில் ஐசியூ நோயாளிகள் 158 பேரையும் ஒப்பீட்டுக்கு 64 பேரையும் எடுத்துக்கொண்டு, கார்ட்டிசோல் எவ்வளவு சுரக்கிறது என்பதோடு எவ்வளவு அழிகிறது என்பதையும் அளந்தார்கள். அந்த இரண்டாவது கேள்வியை அதுவரை யாரும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் கார்ட்டிசோலைச் செயலிழக்கச் செய்யும் நொதிகள் கடும் நோயில் அடங்கிப்போகின்றன. அதனால் கார்ட்டிசோல் வெளியேறும் வேகம் பாதிக்கும் கீழே சரிகிறது, சுரந்தது ரத்தத்திலேயே நெடுநேரம் தங்குகிறது. ரத்தத்தில் அளவு உயர்ந்திருப்பதைப் பார்த்து, பிட்யூட்டரி சுரப்பி தன் தூண்டுதலைக் குறைத்துக்கொள்கிறது. தூண்டினாலும் அட்ரீனல் துள்ளி எழாததற்கு இது ஒரு காரணம். அதைக் களைப்பு என்று படித்தது அவசரம். இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. ரத்தத்தில் உள்ள கார்ட்டிசோலில் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும், ஒட்டாமல் இருப்பதுதான் வேலை செய்யும். தொற்று முற்றிய நிலையான செப்சிஸில் அந்தப் புரதங்கள் குறைந்துவிடுவதால், மொத்த அளவு குறைவாகத் தெரிந்தாலும் வேலை செய்யும் பங்கு உயர்ந்தே இருக்கலாம். ஆய்வகம் அனுப்பும் எண் பெரும்பாலும் மொத்த அளவுதான்.

கடும் நோயில் ஒரு ஹார்மோன் குறைவாகத் தெரிந்தால் உடனே ஊற்றி நிரப்பிவிடலாம் என்ற எண்ணத்துக்கு மருத்துவம் முன்பே விலை கொடுத்திருக்கிறது. ஐசியூவில் நெடுநாள் கிடப்பவர்களின் தசை உருகுவதைத் தடுக்க வளர்ச்சி ஹார்மோன் கொடுத்த இரண்டு சோதனைகள் 1999இல் வெளியாயின. ஃபின்லாந்தில் நடந்ததில் ஹார்மோன் பெற்றவர்கள் 39 விழுக்காடு இறந்தார்கள், பெறாதவர்கள் 20 விழுக்காடு. பல நாடுகளில் நடந்த மற்றதில் 44க்கு 18. புரத இழப்பு குறைந்தது என்று ரத்தக் கணக்கு சொன்னதைக் கேட்டு நம்பியிருந்தால் இந்தப் பிணங்களை யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஸ்டீராய்டின் விஷயத்தில் தீர்ப்புக்கு மிக அருகில் கொண்டுசென்றவை 2018இல் வெளியான இரண்டு பெரிய சோதனைகள். ஆஸ்திரேலியாவிலிருந்து பாலசுப்ரமணியன் வெங்கடேஷ் தலைமையில் ஐந்து நாடுகளில் நடந்த, ‘அட்ரீனல்’ என்று பெயரிட்ட சோதனையில் 3658 நோயாளிகளின் முடிவுகள் கணக்கில் வந்தன. நாளுக்கு 200 மில்லிகிராம், தொடர் சொட்டாக, அதிகபட்சம் ஏழு நாள். 90 நாளில் இறப்பு 27.9 விழுக்காடு, போலி மருந்தில் 28.8. வேறுபாடு இல்லை என்றே கொள்ள வேண்டும். பிரான்ஸில் அன்னான் குழு 1241 பேரிடம் நடத்திய மற்றதில், ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்ததில், இறப்பு 49.1இலிருந்து 43 விழுக்காடாகக் குறைந்தது. ஒன்று இல்லை என்கிறது, மற்றொன்று உண்டு என்கிறது என்று மேலோட்டமாகச் சொல்லிவிடலாம். போலி மருந்துக் குழுவின் இறப்பைப் பாருங்கள்: ஒன்றில் நூற்றுக்கு 29 பேர், மற்றொன்றில் 49 பேர். பிரெஞ்சுச் சோதனையில் சேர, உயர்ந்த அளவில் நார் அட்ரீனலின் ஆறு மணி நேரமாவது தேவைப்பட்டிருக்க வேண்டும். அதாவது ஷாக்கின் ஆழத்தில் கிடந்தவர்களே அதில் அதிகம். இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தெரிவது, ஷாக் கடுமையாக ஆக மருந்துக்கு வேலை கூடுகிறது என்பதுதான். ஃப்ளூட்ரோகார்ட்டிசோனின் பங்கு இருக்கலாம். ஆனால் அதே குழு 2010இல் வெளியிட்ட, அந்த மாத்திரையை மட்டும் கூட்டியும் கழித்தும் பார்த்த சோதனை, தெளிவான வேறுபாட்டைக் காட்டவில்லை.

இரண்டும் ஒத்துப்போகிற இடம் ஒன்று உண்டு. ஸ்டீராய்டு ஷாக்கைச் சீக்கிரம் விலக்குகிறது. அட்ரீனல் சோதனையில் ஷாக் விலக நான்கு நாள் என்பது மூன்று நாளாகவும், ஐசியூவை விட்டு வெளியேற 12 நாள் என்பது 10 நாளாகவும் குறைந்தன. படுக்கையருகே இது கண்ணுக்கே தெரியும். மருந்துப் பொடியைத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றிய சில மணி நேரத்தில், சிரிஞ்ச் பம்பில் 12 என்று ஓடிக்கொண்டிருந்த நார் அட்ரீனலினை நர்ஸ் 10ஆக, பிறகு 8ஆகக் குறைக்கிறார், அழுத்தம் விழாமல் நிற்கிறது. ரத்தக் குழாயின் சுவர் அட்ரீனலினுக்குக் காட்டும் மரத்துப்போன தன்மையை ஸ்டீராய்டு நீக்குகிறது. குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியையும் அடக்குகிறது. ஹார்மோன் குறையாதவரிடமும் இவை நடக்கும். ஆக, இது ஒரு மருந்தாக வேலை செய்கிறது, ஈடுகட்டும் ஹார்மோனாக அல்ல.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழுகிறது. அழுத்தம் உயர்வது உயிர் பிழைப்பதாகிவிடுமா? நைட்ரிக் ஆக்சைடைத் தடுக்கும் ஒரு மருந்தை 797 செப்டிக் ஷாக் நோயாளிகளிடம் சோதித்து 2004இல் வெளியிட்டார்கள். அழுத்தம் நன்றாகவே உயர்ந்தது, இறப்பும் 49இலிருந்து 59 விழுக்காடாக உயர்ந்தது. மானிட்டரில் எண் ஏறுவதைக் கண்டு மகிழ்பவர்களுக்கு இதைவிடக் கடுமையான பாடம் இல்லை. ஆனாலும் இந்த மறுப்பு ஸ்டீராய்டின் மேல் முழுதாகப் படியவில்லை. அட்ரீனல் சோதனையில் இறப்பு கூடவில்லை என்பதை இத்தனை ஆயிரம் பேரில் பார்த்துவிட்டோம். இறப்பு கூடாமல் நார் அட்ரீனலின் ஒரு நாள் குறைவது சின்ன விஷயம் இல்லை. அந்த மருந்து நீண்டால் விரல் நுனிகள் கருத்துப்போகலாம், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். படுக்கைக்காக அவசரப் பிரிவில் நோயாளி காத்திருக்கும் நம் அரசு மருத்துவமனைகளில் இரண்டு நாள் முன்னதாக ஒரு ஐசியூ படுக்கை காலியாவது அடுத்தவரின் உயிர் விவகாரம். மருந்தோ மலிவு.

அதற்காக ஷாக் வருவதற்கு முன்பே கொடுத்துவிடலாம் என்று நீட்டுவதை ஏற்க முடியாது. ஜெர்மனியில் 380 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஹைப்ரஸ் சோதனை, ஷாக் இல்லாத கடும் செப்சிஸில் ஹைட்ரோகார்ட்டிசோன் ஷாக்கைத் தடுக்கவில்லை என்று காட்டியது. மருந்து பெற்றவர்களில் 21.2, பெறாதவர்களில் 22.9 விழுக்காட்டினர் ஷாக்குக்குப் போனார்கள். சர்க்கரை ஏறுவது, சோடியம் கூடுவது, புதிய தொற்று நுழைவது, தசை தளர்வது ஆகியவை கூடவே வரும் சுமைகள். கோவிட் காலம் இதைப் பெரிய அளவில் காட்டியது. பிரிட்டனின் ரிகவரி சோதனையில் டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை 41.4இலிருந்து 29.3 விழுக்காடாகக் குறைத்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை, கணக்கு கேட்டின் பக்கம்தான் சாய்ந்தது. அந்தச் செய்தியின் முதல் பாதி மட்டும் இந்தியாவெங்கும் பரவியது. 2021இன் இரண்டாம் அலையில், வீட்டிலிருந்தபடியே ஸ்டீராய்டு விழுங்கியவர்களும் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களும் கரும்பூஞ்சைக்குக் கண்ணைப் பறிகொடுத்ததைப் பார்த்தோம். ஒரே மருந்து, நோயின் வேறு கட்டம், நேர்மாறான விளைவு.

மருந்து வேலை செய்தால் போதாதா, காரணம் எதுவானால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. காரணம்தான் யாருக்கு, எப்போது, எத்தனை நாள் என்பதைத் தீர்மானிக்கிறது. குறையை ஈடுகட்டுகிறோம் என்று நம்புபவர் கார்ட்டிசோல் எண்ணுக்காகக் காத்திருப்பார், எண் குறைந்தால் ஷாக் இல்லாமலே தொடங்குவார், ஷாக் விலகிய பிறகும் ‘சுரப்பி தேறட்டும்’ என்று நீட்டுவார். ரத்தக் குழாயின் மரத்தலை நீக்கும் மருந்து என்று அறிந்தவர் பம்பின் அளவைப் பார்ப்பார். சர்வதேச செப்சிஸ் வழிகாட்டுதல் 2021இல் இந்தப் பக்கமே திரும்பியது. கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.25 மைக்ரோகிராம் நார் அட்ரீனலின் நான்கு மணி நேரமாகத் தேவைப்படுபவருக்கு நாளுக்கு 200 மில்லிகிராம் கொடுக்கலாம் என்பது அதன் பரிந்துரை, அதுவும் வலுக்குறைந்த பரிந்துரை. இந்தக் கோட்டுக்குள்ளும் எல்லாரும் ஒன்றல்ல. வானிஷ் என்ற பிரிட்டிஷ் சோதனையில் ரத்த அணுக்களின் மரபணுச் செயல்பாட்டை வைத்து நோயாளிகளைப் பிரித்துப் பார்த்தபோது, நோயெதிர்ப்பு ஓரளவு நன்றாக இருந்த வகையினரிடம் ஹைட்ரோகார்ட்டிசோன் பெற்றவர்களே அதிகம் இறந்திருந்தார்கள். சிறிய எண்ணிக்கை, பின்னோக்கிய கணக்கு. ஆனாலும் எல்லாருக்கும் கொடுத்தால் நட்டமில்லை என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அட்ரீனல் உண்மையாகவே கைவிட்டவர்கள் ஒரு சிறு பகுதி, அவர்களைப் பெரும் சோதனைகளின் சராசரியில் கரைத்துவிடக் கூடாது. காசநோய் அட்ரீனலை அரித்தவர்கள், ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ மாதக்கணக்கில் பிரெட்னிசோலோன் சாப்பிட்டு அண்மையில் நிறுத்தியவர்கள், மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கேட்டு வாங்கிய மாத்திரையில் என்ன இருந்தது என்றே அறியாதவர்கள் இதில் அடங்குவார்கள். இவர்களுக்கு ஈடுகட்டும் கோட்பாடு எழுத்துக்கு எழுத்து பொருந்தும். பம்பின் அளவு ஏறட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் உயிர் போய்விடும், முதல் மணி நேரத்திலேயே 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் நரம்பில் ஏற வேண்டும். இவர்களை அடையாளம் காண, மூன்று முறை ரத்தம் எடுக்கும் பரிசோதனை தேவையில்லை. கூட வந்த வீட்டாரிடம் கடந்த ஓராண்டில் என்னென்ன மாத்திரை சாப்பிட்டார் என்று கேட்டு, அவர்கள் கொண்டுவந்த மருந்துப் பையைப் பிரித்துப் பார்ப்பது, அவசரப் பிரிவில் ஐந்து நிமிட வேலை.