மதுரம் இல்லாத பெயர்ப்பலகை

ஸ்ரீமுஷ்ணத்தில் எங்கள் தெரு மாரியம்மனுக்கு ஆடி மாதம் செடல் நடக்கும். இரவில் மேடை கட்டி ஆடல் பாடல் நிகழ்ச்சி. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில், ஆடுகிறவர்கள் உடை மாற்றி வரும் நேரத்தை நிரப்ப, ஒரு ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாக வந்து காமெடி செய்வார்கள். அவள் ஒன்று கேட்பாள், அவன் மடக்குவான். அவள் மறுபடி கேட்பாள், அவன் துண்டால் அடிப்பான். கூட்டம் சிரிக்கும்.

சில வருடங்களுக்கு முன் அப்படியொரு இரவில் என் பக்கத்தில் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் முப்பது வருடம் பொம்மைகளுக்குக் கண் எழுதியவர். மேடையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"கிருஷ்ணன் மதுரம் காமெடி மாதிரி வருமா?"

"என்.எஸ்.கே. காமெடியச் சொல்றீங்களா பெரிம்மா?"

"அவரு மட்டும் எங்கடி பண்ணாரு? அந்தம்மா கேட்டாத்தான அவரு பதிலு சொல்ல முடியும்?"

நிகழ்ச்சி முடிந்தபோது மணி இரண்டு. மேடைக்குப் பின்னால், துண்டடி வாங்கிய அந்தப் பெண் விழாக் குழுவினரிடம் பாக்கிப் பணத்துக்காக வாதாடிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் எத்தனை பேர், வேன் வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் போக வரவேண்டியது எவ்வளவு என்று எல்லாக் கணக்கும் அவர் வாயில் இருந்தது. அவரை அடித்த ஆண் வேனில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மேடையில் கட்டியிருந்த பேனரில் அந்த ஆணின் பெயர்தான் இருந்தது.

பெரியம்மா சொன்னதையும் நான் பார்த்ததையும் சேர்த்து வைத்துக்கொண்டு டி.ஏ.மதுரத்தைத் தேடத் தொடங்கினேன். தமிழ் சினிமாவின் முதல் பெரிய நகைச்சுவை இணை என்று கிருஷ்ணனையும் மதுரத்தையும் எல்லோரும் சொல்கிறோம். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். ஆனால் அவர்களைப் பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி கிருஷ்ணனைப் பற்றியது. அவர் சிந்தனையாளர், வள்ளல், கலைவாணர். மதுரம் அவருக்கு வாய்த்த துணை. திரையை மட்டும் பார்த்தால் இந்தக் கணக்கு சரியென்றே தோன்றும். மேடையைப் பார்த்தால் சரியாக வராது.

நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கிருஷ்ணன், வில்லுப்பாட்டிலிருந்து பாய்ஸ் கம்பெனி நாடகத்துக்குப் போனவர். அந்தக் கம்பெனிகளில் பெண் வேடத்தையும் பையன்களே கட்டினார்கள். 'ஸ்திரீ பார்ட்' என்பது ஒரு பையனின் வேலை. அசல் பெண் மேடையேறினால் அவளுக்கு ஊர் வைத்த பெயர் வேறு. அப்படிப்பட்ட காலத்தில் திருச்சி வட்டாரத்திலிருந்து சினிமாவுக்கு வந்தவர் மதுரம். 1936இல் வந்த 'வசந்தசேனா' படத்துக்காகப் பூனாவுக்குப் போனபோது இருவரும் சந்தித்தார்கள், மணந்துகொண்டார்கள். கிருஷ்ணனுக்கு ஏற்கனவே மனைவி இருந்தார். பின்னாளில் மதுரத்தின் தங்கையும் அவருக்கு மனைவியானார். இவையெல்லாம் வாழ்க்கை வரலாறுகளில் ஒரு வரியில் கடந்துபோகும் செய்திகள். அந்த ஒரு வரிக்குள் எத்தனை வருட வாழ்க்கை அடங்கியிருக்கிறது என்று நாம் கேட்டுப் பழகவில்லை.

1944 நவம்பரில் 'இந்து நேசன்' பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் சென்னையில் கொலை செய்யப்பட்டார். அடுத்த மாதம் எம்.கே.தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுபடி சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்து, 1947 ஏப்ரலில்தான் விடுதலை கிடைத்தது. இரண்டு வருடங்களுக்கு மேல் நகைச்சுவை இணையில் ஒருவர் சிறையில் இருந்தார். இன்னொருவர் என்ன செய்தார்?

நாடகக் கம்பெனி நடத்தினார். எஸ்.வி.சகஸ்ரநாமத்தோடு சேர்ந்து என்.எஸ்.கே. நாடக சபாவைக் கலையாமல் காப்பாற்றினார். அன்றைக்கு நாடகக் கம்பெனி என்றால் நடிகர்கள் மட்டுமில்லை. சீன் படுதாக்கள், உடைப் பெட்டிகள், வாத்தியக்காரர்கள், சமையல்காரர், எல்லோரும் தங்க ஊருக்கு ஊர் ஒரு கம்பெனி வீடு. கொட்டகைக்காரரிடம் பேச வேண்டும், நோட்டீஸ் அடிக்க வேண்டும், வசூல் இல்லாத நாளிலும் உலை வைக்க வேண்டும். அதுவும் யுத்த காலம், அரிசிக்கு ரேஷன். இதையெல்லாம் சுமந்துகொண்டே, பத்திரிகைகளில் தினம் அடிபடும் ஒரு கொலை வழக்குக் கைதியின் மனைவியாக, டிக்கெட் வாங்கி வந்த கூட்டத்தின் முன்னால் நிற்க வேண்டும். கூட்டம் தன்னைப் பார்க்க வந்ததா, கைதியின் பெண்டாட்டியைப் பார்க்க வந்ததா என்று தெரியாத நிலையிலும் வேடம் கட்ட வேண்டும்.

இந்தக் காலத்தைப் பற்றிச் சொல்கிறவர்கள் வழக்கமாகச் சாவித்திரி கதையாகச் சொல்வார்கள். கணவனை எமனிடமிருந்து மீட்ட பத்தினி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படிச் சொன்னதும் மதுரத்தின் வேலை விரதமாகிவிடுகிறது. விரதத்துக்குக் கூலி கிடையாது, அனுபவம் கிடையாது, திறமையும் வேண்டாம், மனம் இருந்தால் போதும். கம்பெனி நடத்த மனம் மட்டும் போதாது. இதே கம்பெனியைச் சேர்ந்து நடத்திய சகஸ்ரநாமத்தை நாம் நாடகக்காரர் என்றே நினைவில் வைத்திருக்கிறோம். பின்னாளில் சேவா ஸ்டேஜ் தொடங்கியவர், மேடையின் முன்னோடி. சரியான மதிப்பு. ஒரே கம்பெனி, ஒரே காலம், ஒரே உழைப்பு. ஆண் செய்தால் நாடகப் பணி, பெண் செய்தால் பதிபக்தி.

பெயர்ப்பலகைகளையும் பாருங்கள். மதுரம் நடத்தியது என்.எஸ்.கே. நாடக சபா. அதிலிருந்து பிரிந்துபோன கே.ஆர்.ராமசாமி தஞ்சாவூரில் தொடங்கியது கிருஷ்ணன் நாடக சபா. அண்ணாவின் 'வேலைக்காரி'யும் 'ஓர் இரவு'ம் மேடையேறியது அதில்தான். சிறையில் இருந்தவரின் பெயரில் வெளியே இரண்டு சபாக்கள். வெளியே இருந்து சம்பளம் கொடுத்தவரின் பெயரில் ஒன்றுகூட இல்லை. கிருஷ்ணன் பெயருக்குக் கூட்டம் வரும் என்பது வியாபாரக் காரணம்தான், எனக்குப் புரிகிறது. எந்தப் பெயருக்குக் கூட்டம் வரும் என்பதை யார் எப்படிப் பழக்கினார்கள் என்பதுதான் என் கேள்வி.

அந்த மேடையில் போடப்பட்ட நாடகங்களில் ஒன்று 'பைத்தியக்காரன்'. வயதான ஆணுக்கு இளம்பெண்ணைக் கட்டிவைக்கும் அநியாயத்தைப் பேசிய கதை. 1937இல் வி.சாந்தாராம் மராத்தியில் 'குங்கூ' என்றும் இந்தியில் 'துனியா நா மானே' என்றும் எடுத்த படத்தைத் தழுவியது. ஏமாற்றிச் செய்துவைத்த கல்யாணத்தைக் கல்யாணமாகவே ஏற்க மறுக்கும் பெண் அதன் மையம். கிருஷ்ணன் இல்லாத நேரத்தில் இந்தக் கதையைத்தான் அந்தக் கம்பெனி கையில் எடுத்தது என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. நாடகம் பிறகு கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் படமாகி 1947இல் வந்தது. விடுதலையாகி வந்த கிருஷ்ணனுக்காக அதில் ஒரு வேடம் சேர்க்கப்பட்டது. அந்த ஒரு படத்திலாவது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவர் அவர்.

இனி பெரியம்மா சொன்னதற்கு வருகிறேன். நகைச்சுவை இணையில் ஒருவர் கேட்பவர், ஒருவர் சொல்பவர். சிரிப்பு சொல்பவர் பக்கம் விழுவதால் கலையும் அவர் பக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம். சினிமாவில் கேள்விக்கும் பதிலுக்கும் இடையிலான நேரத்தை எடிட்டர் வெட்டி ஒட்டித் தந்துவிடுவார். மேடையில் எடிட்டர் இல்லை. முந்தின சிரிப்பு முழுதாக அடங்குவதற்கு முன் அடுத்த கேள்வியைக் கேட்டால் கேள்வி காதில் விழாது, பதில் வீணாகும். அடங்கி ஒரு நொடி கூடிவிட்டால் கொட்டகை ஆறிவிடும். அந்த நொடி கேட்பவரின் கையில் இருக்கிறது. ஒலிபெருக்கி சரியாக இல்லாத கொட்டகையில், கடைசி வரிசையில் குழந்தை அழும் சத்தத்துக்கு நடுவில், அதைத் தினம் சரியாகப் பிடிப்பதுதான் திறமை. பெரியம்மா இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

வெளியூர் உதாரணம் ஒன்று. லாரல்–ஹார்டி இணை, படங்கள் குறைந்துபோன பிறகு 1947, 1952, 1953–54 என மூன்று முறை இங்கிலாந்து மேடைகளைச் சுற்றியது. ஹார்டிக்கு மாரடைப்பு வந்து 1954இல் சுற்றுப்பயணம் நின்றது. திரையில் லாரல் அசடு, ஹார்டிதான் அவரை அதட்டி வேலை வாங்குபவர். உண்மையில் மேடைக்கான நகைச்சுவைக் காட்சிகளை எழுதியவர் லாரல். அசடாக நடித்தவர்தான் மூளை என்பதை உலகம் ரசித்துச் சொல்கிறது, புத்தகம் புத்தகமாக எழுதுகிறது. வேடம் வேறு, ஆள் வேறு என்ற இந்தச் சாதாரண மரியாதையை நாம் மதுரத்துக்குத் தரவில்லை. அவர் வெகுளிப் பெண்டாட்டியாக நடித்தார், நாம் வெகுளிப் பெண்டாட்டி என்றே வைத்துக்கொண்டோம்.

இதில் கிருஷ்ணனின் நகைச்சுவைக்கும் பங்கு உண்டு. எனக்கு அவரைப் பிடிக்கும். சாதியையும் மூடத்தனத்தையும் யார் மனமும் நோகாமல் சிரிக்கவைத்துத் தோலுரித்தவர் அவர். 'நல்லதம்பி'யில் (1949) நந்தனார் கதையைக் கிந்தனார் கதையாக மாற்றி, சேரிப் பையனைச் சிதம்பரத்துக்குப் பதில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாரே, அந்தத் துணிச்சல் இன்றும் பெரிது. ஆனால் சீர்திருத்தம் அவர் வாயிலிருந்து வர, திருத்தப்பட வேண்டிய ஆள் ஒருவர் எதிரில் வேண்டும். பெரும்பாலும் அந்த ஆள் மனைவி. அவள் தெரியாமல் கேட்பாள், அவர் தெரிந்து சொல்வார். பகுத்தறிவு ஆணின் குரலில் வந்தது, அறியாமை புடவை கட்டி வந்தது. அதே படத்தில் விஞ்ஞானம் வளர்ந்தால் பொத்தானைத் தட்டியதும் இட்டிலியும் காப்பியும் வந்துவிடும் என்று இருவரும் கனவு காணும் பாட்டு இருக்கிறது. அடுப்படி வேலை ஒரு பிரச்சினை என்று சினிமா ஒப்புக்கொண்ட அரிய இடம். அங்கும் அந்த இட்டிலியை ஆணும் சுடலாம் என்ற யோசனை யாருக்கும் வரவில்லை. இயந்திரம் வர வேண்டியிருந்தது.

விதிவிலக்கும் இருக்கிறது. 1941இல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தில் கிருஷ்ணன் அலிபாபா, மதுரம் மார்ஜியானா. கதை நமக்குத் தெரியும். புதையல் அலிபாபாவுக்குக் கிடைக்கிறது. அவன் உயிரையும் புதையலையும் காப்பாற்றுவது அடிமைப் பெண்ணின் புத்தி. கதையின் தலைப்பில் அலிபாபா இருக்கிறான், நாற்பது திருடர்கள்கூட இருக்கிறார்கள். மார்ஜியானா இல்லை.

கிருஷ்ணன்–மதுரம் போட்ட தடத்தில் பலர் வந்தார்கள். கே.ஏ.தங்கவேலு–எம்.சரோஜா இணை 'கல்யாண பரிசு' (1959) படத்தில் மன்னார் அண்ட் கம்பெனி என்று புளுகும் கணவனும் நம்பும் மனைவியுமாக வந்தது. அவர்களும் நிஜ வாழ்க்கையில் தம்பதி ஆனார்கள். அங்கிருந்து டிவிக்கும், டிவியிலிருந்து எங்கள் தெருச் செடல் மேடைக்கும் இந்த ஏற்பாடு இறங்கி வந்திருக்கிறது. வழியில் கிருஷ்ணனின் சீர்திருத்தம் உதிர்ந்துவிட்டது. கேட்கும் மனைவியும் மடக்கும் கணவனும் மட்டும் மிஞ்சினார்கள். கூடவே ஒரு துண்டும் சேர்ந்துகொண்டது.

கிருஷ்ணன் 1957இல் இறந்தார். மதுரம் 1974 வரை இருந்தார். சென்னை தியாகராய நகரில் கிருஷ்ணனுக்குச் சிலை இருக்கிறது, 1969இல் அண்ணா திறந்தது. அரசு கட்டிய கலைவாணர் அரங்கமும் இருக்கிறது. இரண்டும் அவருக்குத் தகும். பக்கத்தில் இன்னொரு சிலை வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. சிலைக்கு மாலை போட்டுவிட்டுப் பழைய கதையையே சொல்லிக்கொண்டிருக்க முடியும்.

நான் கேட்பது வேறு. 1944க்கும் 1947க்கும் இடைப்பட்ட அந்த மேடைகளை மதுரத்தின் தொழில் வரலாறாக எழுத வேண்டும். என்ன நாடகம், எந்தக் கொட்டகை, யாருக்கு என்ன சம்பளம் என்று நோட்டீசுகளையும் கணக்கு நோட்டுகளையும் தேடி எழுத வேண்டும். இருவரின் பழைய இசைத்தட்டு கிடைத்தால் பதிலை விட்டுவிட்டு ஒருமுறை கேள்வியை மட்டும் கவனித்துக் கேட்க வேண்டும்.

போன வருடம் செடலுக்கு அதே குழு வந்தது. மேடையேறுவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் போய், "பேனர்ல உங்க பேரு ஏங்க்கா இல்ல?" என்று கேட்டேன். அவர் பவுடர் போட்டுக்கொண்டே சிரித்தார். "எம் பேரப் போட்டா பொம்பள குழுன்னு நெனச்சி ரேட்டக் கொறைப்பாங்கம்மா" என்றார். பிறகு மேடையேறிப் போய் முதல் கேள்வியைக் கேட்டார்.