தண்ணிமத்தன் தோட்டில் ஒரு சம்பாரம்

குழித்துறையில் பிறந்து கேரள எல்லை தாண்டிப் பாறசாலைப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். எங்கள் வீட்டில் பாதிப் பேச்சு தமிழ், பாதி மலையாளம். அங்கே தர்பூசணி, இங்கே தண்ணிமத்தன். ஆனால் சிவப்பைத் தின்றுவிட்டு வெள்ளைத் தோட்டைத் தென்னை மூட்டில் களைவது மட்டும் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். இருபத்திரண்டு வருஷம் நானும் அப்படித்தான் களைந்தேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது!

போன வருஷம் மீன மாதம் நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் உற்சவத்துக்குப் போயிருந்தோம். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா எதிரிகளுக்குத் தப்பி ஒளிந்திருந்ததாகச் சொல்லும் அம்மச்சிப் பிலா என்கிற பலாமரம் நிற்கிற கோயில்தான். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. திரும்பும் வழியில் உதியன்குளங்கரையில் ஒரு வண்டி நிறைய தண்ணிமத்தன். திண்டிவனம் பக்கத்துக் காய் என்றார் வியாபாரி. ஐந்து கிலோவில் ஒன்று வாங்கினோம். வீட்டில் அறுத்துத் தின்று முடித்து, தோட்டை அள்ளிக்கொண்டு எழுந்தேன். மாமி கையைப் பிடித்தார்.

"அந்த வெள்ளய களையாத மக்ளே. வெள்ளரிக்கா மாதிரிதானே இருக்கு. மோருல அரச்சுப் பாரு."

மாமி படித்தது நாலாம் வகுப்பு. வெள்ளரியும் தண்ணிமத்தனும் ஒரே தாவரக் குடும்பம் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாக்கு சொல்லியிருக்கிறது.

பச்சைத் தொலியைச் சீவினேன். அடியில் ஒரு விரல் கனத்துக்கு வெள்ளை, அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மெல்லிய ரோஸ் நிறம். துண்டு போட்டு மிக்சியில் இட்டேன். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்க வேண்டியிருக்கவில்லை, தானே கரைந்து நுரைத்தது. இஞ்சி ஒரு துண்டு, காந்தாரி மிளகு இரண்டு, கறிவேப்பிலை, உப்பு. எல்லாம் சேர்த்து இன்னொரு சுற்று. அதில் புளித்த மோர் இரண்டு தம்ளர். மேலே நாரத்தை இலை ஒன்றைக் கசக்கிப் போட்டு மண்பானையில் அரை மணி நேரம்.

முதல் வாய் குடித்ததும் நான் பேசவில்லை. இரண்டாவது வாயிலும் பேசவில்லை. தம்ளர் காலியானபோதுதான் "மாமி, இது என்னது!" என்று கத்தினேன். மோரின் புளிப்பு முன்னால் வருகிறது. அடுத்து வெள்ளரி நீர்போல ஒரு குளிர்ச்சி. காந்தாரி தொண்டையில் சுருக்கென்று குத்துகிறது. எல்லாம் அடங்கிய பிறகு, எங்கிருந்தோ ஒரு சின்ன இனிப்பு, பழம் இங்கேதான் இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிறது. அந்த இனிப்புக்காகவே ரோஸ் நிறத்தைச் சுரண்டிவிடாதீர்கள். சம்பாரம் என்கிற நீர்மோர் எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் இப்படி ஒரு சம்பாரம் நான் குடித்ததில்லை.

அன்றிலிருந்து பித்துப் பிடித்தவள்போல இந்தத் தோட்டைப் பற்றிப் படித்தேன். தண்ணிமத்தனின் தாவரப் பேரினப் பெயர் சிட்ருல்லஸ். 1914-இல் ஜப்பானில் இதன் சாற்றிலிருந்து ஓர் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். பழத்தின் பெயராலேயே அது சிட்ருலின் ஆயிற்று. நம் சிறுநீரகம் அதை ஆர்ஜினினாக மாற்றும். ஆர்ஜினினிலிருந்து உடம்பு நைட்ரிக் ஆக்சைடு செய்துகொள்ளும். ரத்தக் குழாய்களைத் தளர்த்தி விரிக்கிற பொருள் அது. அதன் வேலையைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 1998-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அந்தச் சிட்ருலின் தோட்டில் எவ்வளவு? 2005-இல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். காயவைத்து எடை போட்டால் ஒரு கிராம் தோட்டில் 24.7 மில்லிகிராம், சதையில் 16.7. ஈரத்தோடு எடை போட்டால் சதையில் 1.9, தோட்டில் 1.3. நாம் குடிப்பது ஈரமாகத்தான், ஆகவே இரண்டாவது கணக்கையே எடுத்துக்கொள்வோம். அப்படியும் கிராமுக்குக் கிராம் சதையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு தென்னை மூட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது! அதோடு நார்ச்சத்து. இதை மருந்து என்று நான் சொல்லவில்லை. வெயிலில் வாடி வருகிறவர்களுக்குத் தண்ணீரும் உப்பும் மோரும் காயும் ஒரே தம்ளரில் கிடைக்கிறது. எனக்கு அது போதும்.

தோட்டை வீணாக்காதவர்கள் வேறு ஊர்களிலும் உண்டு. ராஜஸ்தானத்தில் தண்ணிமத்தனுக்கு மதீரா என்று பெயர். பாலைவனத்தில் எதையும் வீணாக்க முடியாது, தோட்டைக் கறி வைக்கிறார்கள். சீன வைத்தியத்தில் வெளிப் பச்சைத் தொலியைக் காயவைத்துக் கோடை வெப்பத்துக்குக் கஷாயம் போடுகிறார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் தோட்டு ஊறுகாய் பாட்டிமார் பக்குவம். எகிப்து மன்னன் தூத்தன்காமன் கல்லறையில்கூடத் தண்ணிமத்தன் விதை இருந்தது. இத்தனை பழைய பழத்தின் பாதி ருசியை நான் இவ்வளவு தாமதமாகக் கண்டேனே என்றுதான் ஆற்றாமை.

செய்யப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அறுக்கும் முன்பே பழத்தை வெளியில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். கத்தி இறங்கும்போது தொலியின் அழுக்கும் சேர்ந்து உள்ளே இறங்கும். கடித்துப் போட்ட தோடு வேண்டாம், அறுத்ததும் வெள்ளையைத் தனியே எடுத்துவிட வேண்டும். பச்சையை மிச்சம் வைத்தால் புல் மணம் வரும். வடிகட்டக் கூடாது என்பது என் பிடிவாதம், நார் அதில்தானே இருக்கிறது. மோர் பிடிக்காத பிள்ளைகளுக்கு எலுமிச்சையும் நன்னாரி சர்பத்தும் கலந்து கொடுக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பை தோளில் இருக்கும்போதே தம்ளர் கேட்கிறார்கள்.

இந்த வருஷம் உற்சவத்துக்குக் குழித்துறையிலிருந்து என் அண்ணனும் மைனியும் வந்தார்கள். பஸ்ஸில் நின்றே வந்ததில் மைனியின் முகம் கருத்துப்போயிருந்தது. பானையிலிருந்து மொண்டு கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "வெள்ளரிக்காயா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். "பின்ன, தடியங்காயா?" அதுவும் இல்லை. மாமி திண்ணையிலிருந்து சிரித்துக்கொண்டே சொன்னார்: "தண்ணிமத்தன் தோடு மக்ளே."

மைனி காலித் தம்ளரை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார்.

"கொள்ளாமே! இன்னும் கொஞ்சம் ஊத்து."