சோழன் மாளிகையும் ஓர்ச்சாவின் குவிமாடமும்

'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் 2022 செப்டம்பரில் வந்ததிலிருந்து தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு குறையை நிறையவே கேட்டுவிட்டேன். "சோழர் கதையை மத்தியப் பிரதேசத்துல போய் எடுத்திருக்காங்களே, நம்ம ஊர்ல இடமா இல்ல?" ஓர்ச்சா, குவாலியர், மகேஷ்வர் மூன்றிலும் படப்பிடிப்பு நடந்தது உண்மைதான். ஆனாலும் இந்தக் குறையை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. படத்தின் மேல் எனக்கிருக்கும் வருத்தம் வேறு.

நம்ம ஊரில் என்ன இருக்குன்னு முதல்ல பார்ப்போம். கதை நடப்பது சுந்தர சோழரின் கடைசிக் காலம், சுமார் கி.பி. 970. பெரிய கோயில் முடிந்ததோ 1010-இல். வந்தியத்தேவன் தஞ்சைக்குள் நுழையும்போது அந்த விமானம் பின்னால் தெரிந்தால் அதுவே பிழை. சரி, அரண்மனை? அது நாயக்கர் காலத்தில் தொடங்கி மராட்டியர் காலத்தில் வளர்ந்தது. குவாலியரில் மான்சிங் அரண்மனை 1500-ஐ ஒட்டியது, ஓர்ச்சாவில் ஜஹாங்கீர் மஹல் 17-ஆம் நூற்றாண்டுத் தொடக்கம். ஆண்டுக் கணக்குப் போட்டால் தஞ்சை அரண்மனையும் ஏறக்குறைய அதே தூரம் தள்ளித்தான் நிற்கிறது. ஊர்ப்பாசத்தை வைத்து ஐந்நூறு அறுநூறு வருஷத்தைக் கழிக்க முடியாதே!

அப்போ சோழர் மாளிகை எங்கே போச்சு? 13-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் எரித்ததை அவனுடைய மெய்க்கீர்த்தியே பெருமையாகச் சொல்கிறது. 'எரித்தான்' என்பதைக் கவனியுங்கள். சோழ நாட்டில் சாமிக்குத்தான் கருங்கல். ராஜாவுக்குச் செங்கல், மரம், ஓடு. கங்கைகொண்ட சோழபுரம் மாளிகைமேட்டில் தோண்டியபோது கிடைத்தவையும் செங்கல் சுவர்களின் அடிப்பகுதி, கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள். ராஜேந்திரன் அரண்மனையே இப்படித்தான் என்றால், அவன் பாட்டனார் சுந்தர சோழர் மட்டும் கல் கோட்டையிலா படுத்திருப்பார்?

என் வருத்தம் இங்கேதான். தோட்டா தரணியின் கலை இயக்கத்தில் உழைப்பு தெரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் படம் முழுக்க அரசு என்றால் கல், உயரம், பிரம்மாண்டம். மரத்தூணும் தாழ்ந்த ஓட்டுக்கூரையும் ராஜாவுக்குப் பொருந்தாது என்று யாரோ முடிவு பண்ணியிருக்கிறார்கள். ஓர்ச்சாவின் குவிமாடங்களும் தொங்கு மாடங்களும் புந்தேலர், முகலாயர் காலத்து ரசனை. படத்தைப் பார்த்து வளரும் பிள்ளைக்குச் சோழன் மாளிகை என்றாலே இனி அதுதான் ஞாபகம் வரும்.

அக்காலத்து மரக் கட்டடம் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி தஞ்சாவூரிலேயே இருக்கிறது, பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள் நடையில். நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் ஒளிந்திருந்த சோழர் ஓவியங்களை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அதில் தில்லை நடராசர் சபை சரிவான கூரையோடு, கேரளத்துக் கோயில் ஜாடையில் இருக்கும். அந்த நடைக்குள் சாதாரணமாக விடமாட்டார்கள். கேமராவோடு போவதை நினைத்தே பார்க்க வேண்டாம், மத்தியத் தொல்லியல் துறையின் 1959 விதிகள் கூரை மூடிய உட்பகுதியில் படப்பிடிப்பை அவ்வளவு எளிதில் அனுமதிப்பதில்லை. ஆனால் செட் போடுகிறவருக்கு அச்சில் வந்திருக்கும் படமே போதும்.

நேரில்தான் எடுக்கணும்னா பத்மநாபபுரம் அரண்மனை இருக்கு. காலத்தால் அதுவும் பிந்தியதே. ஆனால் மரமும் ஓடும் இருட்டும் சேர்ந்தால் ஓர் அரண்மனை எவ்வளவு கம்பீரமாக, ஏன் பயமாகக்கூட, இருக்கும் என்பதை 1993-இல் 'மணிச்சித்ரதாழ்' அங்கே எடுத்துக் காட்டிவிட்டது. பெரிய பழுவேட்டரையர் மாளிகையில் நந்தினி அப்படியொரு தாழ்வாரத்தில், அழிக்கம்பி நிழலில் நடந்து வந்திருந்தால்?

தஞ்சாவூர்ப் பக்கம் கேமரா வைக்க நான் சொல்லும் இடம் புள்ளமங்கை. பசுபதிகோவில் பக்கத்தில், முதலாம் பராந்தகன் காலத்துக் கோயில். சுந்தர சோழர் காலத்திலேயே அது நின்றுகொண்டிருந்தது. சின்னதுதான், ஒரு தேரோட்டத்துக்கெல்லாம் இடம் போதாது.