தானாகப் புளிப்பதில்லை

பிரஸ்ஸல்ஸில், ஆண்டர்லெக்ட் பகுதியில், 1900இல் தொடங்கிய கான்டியோன் இன்றும் ஒரு குடும்பத்தின் பீர் ஆலை. அங்கே லாம்பிக் பீருக்கு ஈஸ்ட் சேர்ப்பதில்லை. மால்ட்டும் கோதுமையும் கொதித்த சாறு, கூரைக்கடியில் உள்ள ஆழமற்ற செம்புத் தொட்டியில் இரவெல்லாம் ஆறும். நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து வந்து இறங்கும். ‘தன்னியல்பு நொதித்தல்’ என்று எழுதுகிறார்கள். தானாப் புளிக்குதாம்!

இந்தத் ‘தானாக’ என்ற சொல்லாடலைத்தான் கட்டுடைக்க வேண்டியிருக்கிறது. பீப்பாய் கழுவுகிற கை, செர்ரிப் பழம் கொட்டி ஊறவைக்கிற கை, மூன்று வருஷம்வரை முடங்கிக்கிடக்கிற முதல் எல்லாவற்றையும் அது அழித்துவிடுகிறது. பிழைத்திருக்க மரபு காட்சிப்பொருளாகவும் ஆகவேண்டியிருக்கிறது: 1978இல் ஆலையே அருங்காட்சியகமாகவும் திறக்கப்பட்டது. பெரிய ஆலைகளோ, இனிப்பைக் கலந்து ‘லாம்பிக்’ என்ற பெயரை விற்கின்றன.

இயற்கையும் சும்மா கிடைப்பதில்லை. 2015 நவம்பரில் இரவுகள் போதிய அளவு குளிரவில்லை; காய்ச்சுவதை நிறுத்திவைத்தார்கள். எந்திரம் வைத்துக் குளிரவைக்கலாமே என்று கேட்கலாம். வைக்கலாம், ஆனா அது வேறு பீர்.

மரபைக் கொண்டாடுகிற எழுத்து, யாருடைய புகை அந்த இரவைச் சூடாக்கியது என்று கேட்காதவரை அதுவும் பாட்டிலில் ஒட்டிய லேபிள்தான்.