அழைக்கிறோம்; தேர்ந்து தெளிகிறோமா?

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வுகள் முடிந்த கையோடு தமிழகக் கத்தோலிக்கப் பங்குகளில் இன்னொரு சேர்க்கைப் பருவம் தொடங்கிவிடும். ஞாயிறு திருப்பலி முடிவில் அறிவிப்புகள் வாசிக்கப்படும்: மறைமாவட்ட அழைத்தல் முகாம், இன்ன சபையின் 'வந்து பாருங்கள்' முகாம், வயது வரம்பு, திருமுழுக்குச் சான்றிதழ், பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதம். பாஸ்கா காலத்தின் நான்காம் ஞாயிறான நல்லாயன் ஞாயிறும் இதையொட்டித்தான் வருகிறது. இறையழைத்தலுக்காக உலகத் திருச்சபை முழுவதும் ஒரு நாள் மன்றாடும் வழக்கம் ஆறாம் பவுல் திருத்தந்தையாக இருந்தபோது, 1964இல் தொடங்கியது. மன்றாட்டும் குறையவில்லை, அழைப்பும் குறையவில்லை. ஆனால், "இது உனக்கான வழிதானா?" என்று பிள்ளையோடு உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கும் வேலையைப் பங்கு அநேகமாகக் குருமடத்திடமும் கன்னியர் மடத்திடமும் ஒப்படைத்துவிட்டது. நம் அழைத்தல் பணியின் பலத்தையும் பலவீனத்தையும் இங்கிருந்துதான் பார்க்க வேண்டும்.

பலம் சிறியதல்ல. அழைத்தலைப் பேணி வளர்ப்பது கிறிஸ்தவ சமூகம் முழுவதன் கடமை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட குருத்துவப் பயிற்சி ஆணை சொல்கிறது; அதில் குடும்பத்துக்கும் பங்குக்கும் தனி இடம் தருகிறது. நம் ஊர்களில் இது ஏட்டோடு நிற்கவில்லை. விடியற்காலைத் திருப்பலியில் பூசை உதவிக்கு ஓடும் பீடச்சிறுவன் பங்குச் சாமியாரை மிக அருகில் பார்க்கிறான். சாவு வீட்டில் அவர் எப்படி உட்காருகிறார், உண்டியல் பணத்தை எப்படிக் கையாளுகிறார், பங்குப் பேரவையில் யாரிடம் கோபப்படுகிறார், ஏழை வீட்டுத் திருமணத்துக்கும் பணக்கார வீட்டுத் திருமணத்துக்கும் வித்தியாசம் காட்டுகிறாரா என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். மூன்று நாள் முகாமில் காட்டப்படும் எந்தக் காணொளியும் இந்த அறிவுக்கு ஈடாகாது. மறைக்கல்வி சொல்லித்தரும் சிஸ்டரைப் பார்த்து வளரும் சிறுமிக்கும் இதே வாய்ப்பு உண்டு.

சமூகப் பலனும் உண்டு. குருமடங்களை ஏற்படுத்தச் சொன்ன திரிதெந்து சங்கம் 1563இலேயே ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தரச் சொன்னது. கடற்கரை ஊர்களிலும் விவசாயக் கூலிக் குடும்பங்களிலும் முதல் பட்டதாரி குருமடம் வழியாகவோ மடத்துப் பள்ளி வழியாகவோ உருவான கதைகள் ஏராளம். 19ஆம் நூற்றாண்டில் திருச்சியில் அன்னம்மாள் என்ற கைம்பெண் தொடங்கிய புனித அன்னாள் சபை, சமூகம் மூலையில் உட்காரவைத்த பெண்களுக்கு மரியாதையான ஒரு வாழ்வைத் திறந்து விட்டது. துறவறத்தைக் குடும்பத்திலிருந்து பிள்ளைகளைப் பிடுங்கும் ஏற்பாடாக மட்டும் பார்ப்பவர்கள் இந்த வரலாற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

முதல் குறை தொடங்குவது ஊக்குவிப்பவரின் நிலையில். முகாம் நடத்துபவர் பெரும்பாலும் ஒரு சபையின் அல்லது மறைமாவட்டத்தின் அழைத்தல் பொறுப்பாளர். ஆண்டு முடிவில் எத்தனை பேர் வந்தார்கள் என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவரே அந்தப் பிள்ளையின் மனத்தைத் தேர்ந்து பார்க்கும் வழிகாட்டியாகவும் இருக்கிறார். புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளின் முன்குறிப்புகளில் இந்த ஆபத்தை எச்சரித்திருக்கிறார். பயிற்சி கொடுப்பவர் துறவறத்தின் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கமோ சாயாமல் தராசு முள் போல நடுவில் நிற்க வேண்டும். இறைவனும் பயிற்சி பெறுபவரும் நேரடியாகப் பேசிக்கொள்ள விட வேண்டும் என்கிறார். உற்சாகம் பொங்கும் வேளையில் அவசரப்பட்டு வாக்குக் கொடுத்துவிடாதபடி தடுக்கவும் சொல்கிறார். முகாமின் கடைசி இரவில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், பாடல் உருகி ஒலிக்க, "யார் யார் இயேசுவுக்குக் கை உயர்த்துகிறீர்கள்?" என்று பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் கேட்பது அந்த எச்சரிக்கைக்கு நேர் எதிரானது.

"நாம் பேசாவிட்டால் செல்போனும் கேம்பஸ் இன்டர்வியூவும் பேசும்" என்று அழைத்தல் பொறுப்பாளர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. குடும்பங்களும் சிறுத்துவிட்டன: தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. "இருப்பது ஒரே மகன், அவனையும் கொடுக்கவா?" என்ற வீட்டு நெருக்கடியும் பிள்ளையின் சுதந்திரத்தைத்தான் பறிக்கிறது. திருச்சபைச் சட்டமும் இருபுறமும் பார்க்கிறது: குருத்துவம் பெற யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, தகுதியுள்ளவரைத் தடுக்கவும் கூடாது. ஆகவே ஊக்குவிப்பது தவறல்ல. ஆனால், சேர்பவர்களின் எண்ணிக்கை குறையக் குறைய ஊக்கம் ஆள்சேர்ப்பாக மாறும் சோதனை வலுக்கும். உள்ளூரில் ஆள் கிடைக்காத சபைகள் ஜார்க்கண்ட், ஒடிசாப் பழங்குடி ஊர்களுக்குப் போகின்றன. அங்கிருந்து வரும் சிறுமியின் மொழியும் குடும்பமும் தெரியாத இடத்தில் அவளுடைய அழைத்தலை யார், எதை வைத்துத் தேர்ந்து தெளிவது?

இரண்டாவது குறை கொண்டாட்டத்தில் ஒளிந்திருக்கிறது. புதுக்குருவின் முதல் நன்றித் திருப்பலி ஊரின் பெருவிழா. தெருமுனையில் ஃபிளெக்ஸ், பேண்ட் செட், மாலை, பொன்னாடை. அருட்பொழிவு பெற்ற உள்ளங்கையை முத்தமிட நீளும் வரிசை. கோவில் முகப்பில் 'மண்ணின் மைந்தர்கள்' பட்டியலில் புதிதாக ஒரு பெயர். பெற்றோர் கண் கலங்குவது இயல்புதான். ஆனால் குருமாணவர் விடுமுறைக்கு வரும் ஒவ்வொரு முறையும் வெள்ளை அங்கி, வாசகம், மேடை என்று இந்த மரியாதை முன்பணமாகவே கொடுக்கப்படுகிறது. பத்தாண்டுக்கு மேல் நீளும் பயிற்சியின் நடுவே "இது என் வழியல்ல" என்று அவன் தெளிந்தால், அந்தத் தெளிவோடு வீடு திரும்ப வழி எங்கே? "என்னப்பா, அனுப்பிட்டாங்களா?" என்ற கேள்வி டீக்கடையிலேயே காத்திருக்கும். பெண்ணுக்கு இன்னும் மோசம்: "மடத்துல இருந்து வந்த பொண்ணு" என்ற பேச்சு வரன் பார்க்கும் வீடு வரை போகும். பயிற்சி என்பதே தேர்ந்து தெளிவதற்கான காலம். திரும்பி வருவது அதன் நியாயமான முடிவுகளில் ஒன்று. அதைத் தோல்வியாக்கி வைத்திருப்பது குருமடமல்ல, பங்கு. திரும்ப அஞ்சித் தொடர்ந்தவரின் சுமையைப் பின்னாளில் ஏதோ ஒரு பங்கே சுமக்கிறது.

மூன்றாவது, உள்ளே என்ன இருக்கிறது என்பதை வெளியே சொல்லாதது. துறவற சபையில் சேர்ந்து ஏழாண்டுகளுக்குப் பின் வெளியேறிய எழுத்தாளர் பாமா, 1992இல் வந்த 'கருக்கு' நூலில் மடத்துக்குள்ளும் சாதி இருப்பதை வெளிப்படையாக எழுதினார். இந்திய ஆயர் பேரவையே 2016இல் தலித் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை அறிக்கை வெளியிட நேர்ந்தது. ஆனால் சபைகளின் வண்ணத் துண்டறிக்கைகளில் சாதி பற்றி ஒரு வரி கிடையாது. அநீதி நடந்தால் யாரிடம் முறையிடலாம் என்பதும் கிடையாது. சபையை விட்டு வெளியேறுபவர், அதுவரை செய்த வேலைக்காக எதையும் உரிமையாகக் கோர முடியாது. ஆனாலும் சபை அவரை நேர்மையோடும் அன்போடும் நடத்த வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 702ஆம் பிரிவு. பதினெட்டு வயதில் மகளை அனுப்பும் எத்தனை தாய்மாருக்கு இது தெரியும்?

நான்காவது, அழைத்தலையே குறுக்கிவிட்டது. 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம் குருவுமல்ல, துறவியுமல்ல. மனைவியோடு வாழ்ந்த பொதுநிலையினர். அவருக்குக் கொடியேற்றித் திருவிழா எடுக்கும் பங்குகளே நல்லாயன் ஞாயிறன்று குருமடத்தையும் மடத்தையும் தவிர வேறெந்த வாழ்வையும் அழைத்தலாகப் பேசுவதில்லை. அன்றைய மேடையில் ஒரு செவிலியரோ, முப்பது ஆண்டாக மறைக்கல்வி நடத்தும் ஆசிரியரோ, ஒரு தம்பதியோ பேசினால் குருத்துவத்தின் மதிப்பு குறைந்துவிடாது. பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்தால்தான் அது தேர்வு; ஒரே வழியைக் காட்டினால் அது சேர்க்கை.

பங்கு தன்னிடமுள்ள பலத்தைக் கொண்டே இவற்றைத் திருத்த முடியும். பிள்ளையைச் சிறு வயதிலிருந்து அறிந்தவர்கள் பங்கில்தான் இருக்கிறார்கள். முகாமுக்குப் போய்வந்தவரோடு ஓராண்டாவது தொடர்ந்து பேச, எந்தச் சபைக்கும் ஆள் சேர்க்காத ஓர் ஆன்ம வழிகாட்டியை அமர்த்தலாம். பட்டப்படிப்புக்குப் பின் நுழைவதை வழக்கமாக்கலாம். பரிந்துரைக் கடிதத்தில் 'நல்ல பிள்ளை, நல்ல குடும்பம்' என்று எழுதி முத்திரை குத்துவதற்குப் பதிலாக, தெரிந்த பலத்தையும் தயக்கத்தையும் உண்மையாக எழுதலாம். திரும்பி வந்தவரை மறைக்கல்வியிலும் பாடகர் குழுவிலும் பங்குப் பேரவையிலும் இயல்பாகச் சேர்த்துக்கொள்ளலாம். இறையியல் படித்த ஒரு பொதுநிலையினர் கிடைப்பது எந்தப் பங்குக்கும் இழப்பல்ல.

"எங்கள் பங்கு இத்தனை குருக்களைத் தந்திருக்கிறது" என்று பெருமைப்படத் தடையில்லை. ஆனால் அந்த எண்ணிக்கை ஊக்கத்தின் அளவை மட்டுமே சொல்லும். வேண்டாம் என்று சொன்ன பிள்ளையும் பாதியில் திரும்பிய பிள்ளையும் அதே பங்கில் தலைநிமிர்ந்து நடமாட முடிந்தால்தான், போனவர்கள் மனமாரப் போனார்கள் என்று நாம் சொல்லிக்கொள்ள முடியும்.