வார்ஹோலின் செம்பருத்தி

ஆண்டி வார்ஹோலின் 'ஃபிளவர்ஸ்' ஓவியங்களில் இருப்பது நம்ம செம்பருத்திதான். நிழல் எல்லாம் போய், பூ தட்டையான வண்ணத் திட்டாகிவிட்டதால் சட்டென்று தெரியாது. மூலம், பட்ரீசியா கால்ஃபீல்ட் எடுத்த புகைப்படம். 1964 ஜூன் 'மாடர்ன் ஃபோட்டோகிராஃபி' இதழில் வந்தது. அதே நவம்பரில் நியூயார்க்கின் லியோ காஸ்டெல்லி கேலரியில் ஓவியங்கள் தொங்கின!

"படம் அவருடையது இல்லை, சரி. ஆனா அதையே திரும்பத் திரும்ப, நிறம் மாத்தி அடிச்ச யோசனை அவரோடது" என்பது வழக்கமான சமாதானம். எனக்கு இடிப்பது இங்கேதான். அந்த இதழிலேயே, கோடாக்கின் கலர் பிராசசிங் கருவியை விளக்குவதற்காக, அதே படம் நிறம் மாறி மாறிப் பலமுறை அச்சாகியிருந்தது. ஆக, யோசனைக்கும் அங்கேயே விதை இருந்திருக்கிறது.

வார்ஹோலின் சொந்த வேலை என்று நான் ஒப்புக்கொள்வது அந்தச் சதுரத்தை. நான்கு பூக்கள் மட்டும் மிஞ்சும்படி வெட்டியிருக்கிறார். எந்தப் பக்கம் திருப்பி மாட்டினாலும் படம் நிற்கும். புகைப்படத்தில் அது கிடையாது.

1966-ல் கால்ஃபீல்ட் வழக்குப் போட்டார். கடைசியில் சமரசம் ஆனது. எழுபதுகளில் ஆர்டரின் பேரில் வரைந்த உருவப்படங்களுக்கு வார்ஹோல் போலராய்டு கேமராவைத் தானே கையில் எடுத்துக்கொண்டார்.